புகையிலையிலிருந்து நிகோடினை வீட்டில் பிரித்தெடுக்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமடையில் அவர்களுக்கு மாந்தோப்பு, வேலந்தாவளம் பக்கம் கொஞ்சம் தக்காளி. பூ எடுக்கும் நேரத்தில் இலைப்பேன் தொல்லை தாங்க முடியவில்லை, புகையிலைக் கரைசல் அடித்தால் பலன் நிற்பதில்லை. "நிகோடினை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டால் வேண்டும்போது தண்ணீரில் கலந்து அடிக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதையே வேப் (இ-சிகரெட்) மிஷினிலும் ஊற்றிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். வீட்டிலேயே செய்யலாமா சார்?"

செய்யாதீர்கள் தம்பி. பூச்சிக்கும் வேண்டாம், வேப்புக்கும் வேண்டாம். வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசையில் இருப்பவரிடம் வெறுமனே "வேண்டாம்" என்று சொன்னால் அது காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும், பல வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். அதனால் அந்த இலைக்குள் என்ன இருக்கிறது, வெளியே எடுத்தால் அது என்னவாக மாறுகிறது என்று முழுசாகவே எழுதுகிறேன். எப்படிப் பிரிப்பது என்ற செய்முறை மட்டும் இதில் வராது.

நிகோடினை முதன்முதலில் தனிப்பொருளாகப் பிரித்தவர்கள் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் போசெல்ட், ரைமன் என்ற இருவர், 1828-இல். சுத்தமான நிகோடின் பொடி இல்லை, எண்ணெய் மாதிரி ஒரு திரவம். புதிதாக இருக்கும்போது நிறமே கிடையாது, காற்றுப் பட்டால் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். கொதிநிலை 247 டிகிரி செல்சியஸ், ஆனால் அவ்வளவு சூடு ஏறும்வரை காத்திருக்காது, தண்ணீர் ஆவியோடு சேர்ந்து முன்பே கிளம்பிவிடும். ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று கோர்த்திருக்கும், வளையத்துக்கு ஒரு நைட்ரஜன். அந்த இரண்டில் ஒன்றுக்குக் காரத்தன்மை அதிகம், அமிலத்தைக் கண்டால் உடனே ஒட்டிக்கொள்ளும். மேற்கொண்டு நான் சொல்லப் போவது எல்லாமே இந்த ஒரு நைட்ரஜனைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

செடி இதை இலையில் தயாரிப்பதில்லை, வேரில் தயாரித்து மேலே அனுப்புகிறது. புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டுக்கட்டினால் தக்காளி இலையில் நிகோடின் சேர்கிறது. தக்காளி வேரின்மேல் புகையிலையை ஒட்டுக்கட்டினால் இலையில் கிட்டத்தட்ட ஒன்றும் இருப்பதில்லை. 1940-களிலேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். செடிக்கு இது ஆயுதம். புழு கடித்தாலோ நாம் நுனியைக் கிள்ளினாலோ வேருக்குச் செய்தி போய் உற்பத்தி கூடும். திண்டுக்கல், பவானிப் பக்கத்து விவசாயிகள் பூ விடும் முன் கொழுந்தை ஒடித்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலை கனமாக வருவது மட்டுமில்லை, காட்டம் ஏறுவதும் அதனால்தான். சாதாரணப் புகையிலையில் காய்ந்த இலை எடையில் 1 முதல் 3 சதவீதம் வரை நிகோடின் இருக்கும். வட இந்தியாவில் அதிகம் பயிராகும் ருஸ்டிகா என்ற இனத்தில் இன்னும் கூடுதல், 9 சதவீதம் வரை போகலாம். மண், உரம், எந்த மட்டத்து இலை, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே வயலிலேயே இது மாறும். இதை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

இலைக்குள் நிகோடின் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்ற இலையின் சொந்த அமிலங்களோடு சேர்ந்து உப்பாகக் கட்டுண்டு கிடக்கிறது. உப்பு வடிவத்தில் அது மின்சுமை உள்ள துகள், கொழுப்புப் படலத்தைக் கடந்து போவது அதற்குக் கஷ்டம். அந்த அமிலப் பிடியை எடுத்துவிட்டால் தனி நிகோடின் ஆகிவிடும். அதற்கு மின்சுமை கிடையாது, வாய்த்தோல், கைத்தோல், நுரையீரல் எதுவானாலும் உள்ளே நுழைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு. பி.எச். 8-இல் பாதி உப்பாகவும் பாதி தனியாகவும் இருக்கும். 6-க்கு இறங்கினால் நூற்றில் ஒரு பங்குதான் தனி, 9-க்கு ஏறினால் பத்தில் ஒன்பது பங்கு தனி.

இதை நம் வீட்டுப் பாட்டிகள் பேர் தெரியாமலே செய்துகொண்டிருந்தார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் புகையிலைக் காம்பைக் கிள்ளிப் போடுகிறார்களே, சுண்ணாம்பு அங்கே செய்யும் முக்கிய வேலை எச்சிலைக் காரமாக்கி, நிகோடினை அமிலப் பிடியிலிருந்து விடுவித்து, கன்னத்துத் தோல் வழியாக ரத்தத்துக்கு அனுப்புவதுதான். சுண்ணாம்பு கூடினால் தலை கிறுகிறுப்பது ஏன் என்பதும் இதில் அடக்கம். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்திருந்தாலே போதை ஏறுவதும், சிகரெட்டுக்கு நெஞ்சுவரை இழுக்க வேண்டியிருப்பதும் இதே கணக்கு. சுருட்டுப் புகை காரம், சிகரெட்டில் போகும் ஆந்திரத்து வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம் என்பதால் அதன் புகை அமிலம். (புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வாய்ப்புற்றுநோய் வருகிறது என்பது வேறு பெரிய விஷயம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.)

ஆக, இலையில் இருக்கும்வரை நிகோடினுக்கு இரண்டு கட்டு. ஒன்று, நூற்றில் இரண்டு பங்கு என்று பரவிக் கிடப்பது. இன்னொன்று, அமிலத்தோடு பிணைந்து கிடப்பது. நீங்கள் பார்த்த வீடியோ செய்வது இந்த இரண்டு கட்டையும் அவிழ்ப்பது. அதன் பிறகு கையில் இருப்பது புகையிலையே இல்லை, தோல் வழியாக ஊடுருவும் ஒரு விஷத் திரவம். புகையிலை பழகிய பொருள்தானே, தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருப்பதுதானே என்ற தைரியத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

தோல் வழியாகப் போகுமா என்று சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் விற்கும் நிகோடின் பட்டையைப் பாருங்கள். சிகரெட்டை விட நினைப்பவர்கள் தோளில் ஒட்டிக்கொள்வது. 24 மணி நேரத்தில் 21 மி.கி. நிகோடினைத் தோல் வழியாகவே ரத்தத்துக்கு அனுப்பும் பட்டைகூட உண்டு. அங்கே ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு என்று கட்டுப்படுத்த ஒரு படலம் வைத்திருக்கிறார்கள். உங்கள் உள்ளங்கையில் சிந்தினால் அந்தப் படலம் கிடையாது. புகையிலை அறுவடையில் பனியில் நனைந்த பச்சை இலையைக் கட்டிச் சுமப்பவர்களுக்கு வாந்தி, தலைச்சுற்றல், வெளுத்துப் போவது எல்லாம் வருகிறது. பச்சைப் புகையிலை நோய் என்றே அதற்குப் பெயர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970-இல் மருத்துவர்கள் இதை எழுதினார்கள், குஜராத் வயல்களிலும் பிறகு இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இலையின் மேல் நின்ற பனித்தண்ணீரில் கரைந்து வந்த அளவுக்கே இந்தப் பாடு.

1933-இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் பூ வியாபாரி ஒருவர், நிகோடின் பூச்சிமருந்து சிந்தியிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கால்சட்டை நனைந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வாந்தி, வியர்வை, மூச்சுத் திணறல், மருத்துவமனை. அங்கே தேறி வீட்டுக்குக் கிளம்பும்போது, கழற்றி வைத்திருந்த அதே துணியை மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பவும் விஷம் ஏறி மருத்துவமனைக்கே திரும்பினார். ஒரு சொட்டுகூட வாய்க்குள் போகவில்லை.

உடம்புக்குள் போய் இது என்ன செய்கிறது? நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகிறது. அதைப் பிடிக்கிற ஏற்பிகள் நம் தசைகளிலும் நரம்பு முடிச்சுகளிலும் மூளையிலும் இருக்கின்றன. நிகோடின் அதில் போய் உட்கார்ந்துவிடும். ஏற்பி என்ற எண்ணமே மருத்துவ அறிவியலுக்குள் வந்ததில் நிகோடினுக்குப் பங்குண்டு. 1905-இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் நிகோடினையும் க்யூராரே என்ற அம்பு விஷத்தையும் வைத்துச் செய்த சோதனையில்தான் அது தெளிவாயிற்று. கொஞ்சமாகப் போனால் தூண்டும், அந்தச் சுகத்துக்குத்தான் உலகமே அடிமை. அளவு மீறினால் முதலில் எல்லாமே ஒரேயடியாகத் தூண்டப்படும்: குமட்டல், எச்சில் ஊறுவது, வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், வலிப்பு. அதற்குப் பிறகு வருவதுதான் கொல்லும். ஏற்பிகள் ஓய்ந்து அடைபட்டுப் போகும், ரத்த அழுத்தம் விழும், இதயம் மெதுவாகும், மூச்சை இழுக்கிற தசை செயலிழக்கும். முதல் கட்டம் கால் மணி நேரத்தில் தொடங்கலாம், இரண்டாம் கட்டம் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள். வாந்தி நின்று ஆள் அமைதியாகிவிட்டார் என்று வீட்டுக்காரர்கள் நிம்மதிப்படும் நேரம் அதுவாக இருக்கக்கூடும்.

எவ்வளவு போனால் உயிருக்கு ஆபத்து? பழைய பாடநூல்களில் ஒரு ஆளுக்கு 60 மி.கி. என்று இருக்கும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ட் மேயர் 2014-இல் அந்த எண்ணின் வேரைத் தோண்டிப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் தங்கள்மேலேயே செய்துகொண்ட சோதனைகளிலிருந்து நகல் எடுத்து நகல் எடுத்து வந்த எண் அது என்றும், வாய்வழியாக என்றால் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரைதான் சரியான எல்லை என்றும் எழுதினார். வேப் ஆதரிப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார்கள். மேயர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சுத்தமான நிகோடின் ஒரு மில்லிலிட்டர் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரு சொட்டு 50 மி.கி. அரை கிராம் என்றால் பத்துச் சொட்டு. ஒரு தேக்கரண்டி 5 மி.லி. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே விகிதத்தில் பார்த்தால் ஒன்றிரண்டு சொட்டே போதும். ஒரு சிகரெட்டில் சுமார் 10 மி.கி. இருந்து, அதில் உடம்பில் சேர்வது ஒன்று, ஒன்றரை மி.கி.தான் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ காய்ந்த இலையில் 2 சதவீதம் என்றால் 20 கிராம் நிகோடின். பாதியை இழந்து பாதியைத்தான் எடுத்தார் என்றாலும் 10 கிராம் அந்தப் பாட்டிலில் நிற்கும். ஒரு கிலோ இலைக்கு இந்தக் கணக்கு.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். வீட்டில் பிரித்தெடுத்தவருக்குத் தன் பாட்டிலில் எத்தனை சதவீதம் நிகோடின் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. இலையிலேயே 1 சதவீதமா 3 சதவீதமா என்று தெரியாது, எவ்வளவு வெளியே வந்தது என்று தெரியாது, வந்ததில் எவ்வளவு கரைப்பான், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மெழுகு, எவ்வளவு பிசின் என்று தெரியாது. நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று வீடியோவில் பேசுவார்கள். தப்பு. பழைய நீர்த்த கரைசல் கரும்பழுப்பாக இருக்கும், புதிய கெட்டியான திரவம் வெளிறியிருக்கும். பார்க்கச் சாதுவாக இருப்பதே கொடிய பாட்டிலாக இருக்கலாம். ஆய்வகத்தில் இதை அளக்கக் கருவி இருக்கிறது, அளக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார், கையுறையும் புகை இழுக்கும் பெட்டியும் இருக்கிறது, அவர்களே பயந்து பயந்துதான் தொடுவார்கள். சாளையில் உட்கார்ந்து மூடியால் அளந்து ஊற்றுபவர் ஒரு தடவை மூன்று மடங்கு ஊற்றினாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை.

கூடவே வருபவற்றையும் பாருங்கள். இலையைப் பதப்படுத்தும்போது நிகோடினிலிருந்தும் அதன் உறவுக்காரர்களிலிருந்தும் நைட்ரோசமைன்கள் உண்டாகின்றன. அவற்றில் இரண்டு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. வயலில் அடித்த பூச்சிமருந்தின் மிச்சமும் இலையில் இருக்கும். அரைகுறையாகப் பிரிக்கும்போது இதெல்லாம் நிகோடினோடு சேர்ந்தே வந்து கெட்டியாகும்.

நிகோடினை விடுங்கள், அதை எடுக்கப் போகும் வழியே ஆளை முடித்துவிடும். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். அதைத் தண்ணீரில் போட்டாலே கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். நம் வீடுகளில் சுலபமாகக் கைக்கு வருவது அலுமினியச் சட்டி. காஸ்டிக் கரைசல் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும், பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்தால் வெடிக்கும். பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கக் கூடியது, காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து அடுத்த அறை விளக்குவரை போகும். பெயின்ட் கடைத் தின்னர் என்பது ஒற்றைப் பொருளே இல்லை, டொலுயீன், அசிட்டோன், மெத்தனால் என்று கலவை. டப்பாவுக்கு டப்பா மாறும். மூடிய சமையலறையில் இதைச் சூடாக்குபவர் தனக்கு மட்டும் ஆபத்தை வைக்கவில்லை, தூங்குகிற குழந்தைக்கும் சேர்த்து வைக்கிறார். முடித்து வைப்பது எதில்? பெரும்பாலும் பழைய குளிர்பான பாட்டிலில். விவசாய வீடுகளில் குழந்தைகள் விஷம் குடித்த எத்தனையோ செய்திகளுக்குப் பின்னால் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது.

வீட்டில் நிகோடின் பிரித்தவர்களில் உலகம் மறக்காதவர் ஒரு பெல்ஜியப் பிரபு, இப்போலிட் போகார்மே. பணத்துக்காக 1850-இல் தன் மைத்துனரைக் கொல்லத் தன் மாளிகையிலேயே புகையிலையிலிருந்து நிகோடின் தயாரித்தார். செடியிலிருந்து வந்த விஷத்தைப் பிணத்திலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் இறந்தவரின் உடல் உறுப்புகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1851-இல் போகார்மேவின் தலை வெட்டப்பட்டது. ஸ்டாஸ் அன்று உருவாக்கிய முறையின் வழிவந்தவை பிற்காலத் தடய அறிவியலில் வெகுகாலம் பயன்பட்டன. நான் இதை எடுத்துச் சொல்வது, இந்தப் பொருளை அந்தக் காலத்திலேயே என்ன வகையில் வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

சரி, தோப்புக்கு வருவோம். காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து செய்த கொடுமையைப் பார்த்த மாநிலத்தில் இருக்கிறோம், கடை மருந்தைக் கண்டு பயந்து இலை தழைப் பக்கம் திரும்புகிறீர்கள், அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் செடியிலிருந்து வந்தது என்பதால் சாதுவாகிவிடாது. நிகோடின் சல்பேட் ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாக விற்ற பூச்சிமருந்து. இன்று இந்தியாவுக்குள் அதைப் பயன்படுத்தத் தடை, ஏற்றுமதிக்கு மட்டுமே தயாரிக்கலாம் என்று மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அரசாங்கமே சரியாக அளந்து லேபிள் ஒட்டி விற்க அனுமதிக்காத ஒன்றை, அளவே தெரியாமல் நீங்கள் தெளிப்பானில் ஊற்றி முதுகில் சுமக்கப் போகிறீர்கள். கைத்தெளிப்பான் முதுகில் ஒழுகாத ஊர் உண்டா?

கடையில் விற்கும் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகளும் நிகோடின் உட்காரும் அதே ஏற்பியைத்தான் தாக்குகின்றன, ஆனால் அவை பூச்சியின் ஏற்பியை இறுகப் பிடிக்கும், நம்முடையதை அவ்வளவாகப் பிடிக்காது. வாய்வழியாகக் கொடுத்தால் எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு நிகோடினுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மி.கி. அளவு, இமிடாகுளோபிரிடுக்கு 450 மி.கி. அளவு. அதாவது நீங்கள் விட்டு ஓடுகிற மருந்தைவிட, ஓடிப்போய்ப் பிடிக்கிற மருந்து பாலூட்டிகளுக்குப் பல மடங்கு கொடியது. இமிடாகுளோபிரிடை அடியுங்கள் என்று சொல்லவரவில்லை. தேனீக்கு அது எமன், மாம்பூவுக்குத் தேனீயும் ஈயும் வந்தால்தான் காய். பூ விரிந்த பிறகு எந்த நரம்பு விஷத்தை அடித்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான், நிகோடினும் அதில் சேர்த்தி.

தக்காளிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. புகையிலையில் வரும் மொசைக் வைரஸ் தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாவற்றுக்கும் தாவும். உலகில் முதலில் அடையாளம் கண்ட வைரஸே அதுதான், காய்ந்த இலையில் வருஷக்கணக்காக உயிர்ப்போடு கிடக்கும். புகையிலையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டித் தக்காளியில் அடிப்பவர், இலைப்பேனைக் கொல்லப் போய் நோயைத் தானே தெளித்துவிட்டு வர வாய்ப்பிருக்கிறது. புகையிலை கசக்கிய கையோடு நாற்று நடுவதும் அப்படியே. இயற்கை விவசாயத்தில் அடிக்கும் அக்னி அஸ்திரக் கரைசலில் புகையிலை போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அதில் நன்றாகக் கொதிக்க வைக்கிறார்கள், நிகோடினும் நீர்த்துப் பரவித்தான் இருக்கிறது, பிரித்தெடுத்த திரவத்தோடு அதை ஒப்பிட முடியாது. அதற்குமே கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள், நனைந்த சட்டையை அங்கேயே மாற்றுங்கள், கொதிக்கும் அண்டாவின் ஆவியில் முகத்தைக் காட்டாதீர்கள். இலைப்பேனுக்கு நீல நிற ஒட்டும் அட்டையைப் பூவெடுக்கும் முன்பே தோப்பில் கட்டுங்கள், வேப்பெண்ணெய்க் கரைசலைத் துளிர் பருவத்திலேயே தொடங்குங்கள். இலைப்பேன் பெருகிக் கூட்டமாகிவிட்ட பிறகு எதை அடித்தாலும் பாதிப் பலன்தான். கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) போய் இந்த வருஷம் எந்த இலைப்பேன், எதற்கு மசிகிறது என்று கேளுங்கள். மலையாளத்தில் பேசத் தயங்கிப் போகாமலே இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர், அது வேண்டாத தயக்கம்.

வேப் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2019-இல் வந்த சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை, ஐம்பதாயிரம் வரை. வாளையாறு செக்போஸ்ட்டில் அந்தப் பாட்டிலோடு நின்றால் என்ன ஆகும் என்று நண்பரையே யோசிக்கச் சொல்லுங்கள். சட்டத்தை விட்டாலும், இலை மெழுகும் தின்னர் மிச்சமும் கலந்த எண்ணெயைச் சூடாக்கி நுரையீரலுக்குள் இழுப்பது தற்கொலைக்குச் சமம். அமெரிக்காவில் 2019-இல் தொடங்கி 2020 பிப்ரவரி வரை, பெரும்பாலும் கள்ளச் சந்தை வேப் திரவங்களால் நுரையீரல் பாதித்து மருத்துவமனை போனவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் பதிவானார்கள், அதில் 68 பேர் இறந்தார்கள். அங்கே பெரும்பாலும் குற்றவாளி கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் இ அசிடேட். விழுங்கினால் சாதுவான ஒன்று நெஞ்சுக்குள் போனதும் எமனாயிற்று. நண்பருக்கு நிகோடின் இல்லாமல் முடியவில்லை என்றால் 2 மி.கி. சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது, அளந்து செய்தது. 1800 11 2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள். கூச்சப்படாமல் கூப்பிடச் சொல்லுங்கள், அவரே அடிமைப்பட்டுத் தவிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏற்கெனவே யாராவது செய்து வைத்திருந்தால் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், அடுப்பில் காட்டி வற்றவைக்கவும் வேண்டாம். தடித்த கையுறை போட்டு, பாட்டிலை இன்னொரு மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, "விஷம் - நிகோடின்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டிப் பூட்டி வையுங்கள். பிறகு தீயணைப்பு நிலையத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.

மேலே கொட்டிவிட்டால் துணியை முழுசாகக் கழற்றிவிட்டுச் சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், கழுவி விடுபவரும் கையுறை போடட்டும், கழற்றிய துணியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக் கரைசல் எதுவும் வேண்டாம், வலிப்பு வரும் ஆளுக்கு அது மூச்சுக்குழலில் போய்விடும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். எய்ம்ஸின் விஷ முறிவுத் தகவல் மையம் 1800 116 117, இலவசம். நிகோடினுக்கு முறிமருந்து கிடையாது, ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். மூச்சு நிற்கும் அந்தச் சில மணி நேரத்தை வென்டிலேட்டரில் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், அதனால் ஒரு நிமிஷம்கூட வீட்டு வைத்தியத்தில் போகக் கூடாது. அப்புறம், மருத்துவமனையில் "நிகோடின்" என்ற பெயரைச் சொல்லுங்கள், போலீஸுக்குப் பயந்து மறைக்காதீர்கள். நம் பக்கத்தில் எச்சில் ஒழுக, வியர்த்துப் போய் ஒரு விவசாயி வந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தைத்தான், அறிகுறி அவ்வளவு ஒத்திருக்கும். சிகிச்சை அந்தப் பக்கம் போய்விடாமல் இருக்க, நீங்கள் சொல்லும் ஒரு பெயரும் பைக்குள் கட்டிக் கொண்டுபோகும் அந்தப் பாட்டிலும்தான் அவர்களுக்கு வழி.